கூட்டத்துக்கு நடுவே குழந்தை நிலைகுலையும்போது

வாசகர் கடிதம் (சுருக்கம்):

என் மகனுக்கு எட்டு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபிக்கும் ஓ.டி.க்கும் (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) போய்க்கொண்டிருக்கிறோம். சில வார்த்தைகள் பேசுவான், டிவி விளம்பரப் பாட்டுகளை அப்படியே பாடுவான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்குக் கூட்டிப் போனோம். பில் போடும் வரிசையில் நிற்கும்போது திடீரென்று தரையில் விழுந்து அலற ஆரம்பித்தான். தலையைத் தரையில் மோதினான். தூக்கப் போன என் கையைக் கடித்துவிட்டான். சுற்றிலும் கூட்டம். ஒருவர் வீடியோ எடுத்தார். ஒரு பெரியம்மா, ‘பிள்ளையை இப்படியா வளர்ப்பாங்க’ என்றார். என் கணவர் அவமானம் தாங்காமல் அவனை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. மூன்று மாதமாக தெரபி தவிர வேறு எங்கும் அவனைக் கூட்டிப் போவதில்லை. வரும் மாசியில் கும்பகோணத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். ‘அவனை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க’ என்கிறார் மாமியார். கூட்டிப் போகலாமா? மறுபடி அப்படி ஆனால் எப்படிச் சமாளிப்பது? அவனுக்கு என் மேல் கோபமா?

— ஒரு தாய், திருவெறும்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசியில் கேட்டிருக்கும் கேள்வி மனதைப் பிசைந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். கல்யாணப் பேச்சுதான் வீட்டில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மற்ற பிள்ளைகளைப்போல மூன்று நாளும் மண்டபத்திலேயே விட்டுவிட முடியாது. எவ்வளவு நேரம், எந்த நேரம், எப்படி என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தத் துணிக்கடைக்கு ஒரு முறை திரும்பிப் போய் வரலாம். ‘திடீரென்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது இந்தச் சொல்லைத்தான். ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அன்றைய நாளை நீங்களே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். திருவெறும்பூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நெரிசலில் நின்றுகொண்டே வந்தீர்கள். கடை வாசலில் ஒலிபெருக்கி. உள்ளே நுழைந்ததும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை, தலைக்கு மேல் வரிசை வரிசையாக விளக்குகள். முதல் மாடியில் ஒரு விற்பனைப் பையன் அவன் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார். மூன்று சட்டை போட்டுப் பார்த்தான், மூன்றாவதில் கழுத்துப் பட்டியில் லேபிள் குத்தியது என்று கழற்றி எறிந்தான். அப்புறம் காதைப் பொத்திக்கொண்டான். ஒரே விளம்பரப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினான். விரல்களைக் கண்ணுக்கு முன்னால் வேகமாக ஆட்டினான். ‘வீடு’ என்று இரண்டு முறை சொன்னான். நீங்கள் ‘ரெண்டு நிமிஷம்’ என்றீர்கள். பிறகு பில் வரிசை, இருபது நிமிடத்துக்கு மேல்.

இதில் திடீர் எங்கே இருக்கிறது? குறைந்தது அரை மணி நேரமாக, தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். குற்றமாகச் சொல்லவில்லை. தீபாவளி நெரிசலில் பையைப் பிடிப்பீர்களா, பணத்தைப் பார்ப்பீர்களா, அவன் விரல் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பீர்களா? ஆனால் இந்த அறிகுறிகளை நீங்கள் கவனித்து, நினைவில் வைத்து, எழுதியும் இருக்கிறீர்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதியை ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் இதை மெல்ட்டவுன் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் ஆகியவை நமக்கு வருவதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வந்து சேர்கின்றன. மனநல, வளர்ச்சிக் கோளாறுகளைக் கண்டறிய உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வந்தபோது, இந்தப் புலன் வேறுபாடும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. நம் காது பஸ் ஹாரனைச் சிறிது நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும். உங்கள் மகனுக்கு அது பின்னுக்குப் போகாமல், ஒவ்வொரு ஹாரனும் புதிதாகவே வந்து அடிக்கலாம். அதன்மேல் வெளிச்சம், வாசனை, லேபிள், கன்னத்தைக் கிள்ளியது என்று சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்குமேல் உடம்பு ஆபத்து வந்துவிட்டதாக முடிவு செய்துகொள்கிறது. நாய் துரத்தினால் நம் உடம்பு என்ன செய்யுமோ அதையே அவன் உடம்பும் செய்கிறது. இதயம் படபடக்கிறது, கையும் காலும் இறுகுகின்றன, பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் அந்த நேரத்துக்குப் போய்விடுகிறது.

பிடிவாதம் வேறு. பலூன் வேண்டும் என்று அழுகிற பிள்ளை, அழுகைக்கு நடுவே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், விழும்போதும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும், பலூன் கைக்கு வந்ததும் நிறுத்திவிடும். உங்கள் மகனுக்கு அந்த நிமிடத்தில் கடையையே எழுதிக் கொடுத்திருந்தாலும் அழுகை நின்றிருக்காது. அவன் யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாயிடம், ‘கண்டுகொள்ளாதீங்க, கவனம் கிடைக்கலைன்னா தானா நிறுத்திடுவான்’ என்று சொல்லி அனுப்பினேன். அவர் அப்படியே செய்தார். பையன் நெற்றியில் தையல் போடும்படி ஆனது. பிறகு அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோது அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அது இன்னும் வலிக்கிறது.

சரி, மறுபடி அப்படி ஆனால் என்ன செய்வது? நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கலாம்: குறையுங்கள். நிரம்பி வழியும் பிள்ளையிடம் நாம் செய்வதெல்லாம் பெரும்பாலும் கூட்டுவதாகவே இருக்கிறது. ‘என்னாச்சு கண்ணா, எழுந்திரு, எல்லோரும் பாக்குறாங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன், அப்பா அடிப்பாரு’ என்று வார்த்தையைக் கொட்டுகிறோம். கையைப் பிடித்து இழுக்கிறோம், முகத்தைத் திருப்பி நம் கண்ணைப் பார்க்கச் சொல்கிறோம், தண்ணீர் தெளிக்கிறோம். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். அவனுக்கு ஒவ்வொன்றும் இன்னொரு ஹாரன்.

அதனால் முதலில் பேச்சை நிறுத்துங்கள். ‘அம்மா இருக்கேன்’ என்று மெதுவான குரலில் ஒரு முறை சொல்லுங்கள், போதும். வேண்டுமானால் சிறிது நேரம் கழித்து அதே வார்த்தையை, அதே குரலில் இன்னொரு முறை. அவன் பக்கத்தில், ஆனால் ஒரு கை நீளம் தள்ளி, நீங்களும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். முகத்துக்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில் உட்காருங்கள். உங்கள் மூச்சு நிதானமாகட்டும். பை, வாங்கிய துணி, வரிசையில் உங்கள் இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தலையை மோதினால் கையால் பிடித்து நிறுத்தப் பார்க்காமல், துப்பட்டாவையோ துணிப்பையையோ மடித்துத் தரைக்கும் தலைக்கும் நடுவில் தள்ளிவிடுங்கள். கண்ணாடி, படிக்கட்டு, ரோடு போல உண்மையான ஆபத்து பக்கத்தில் இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். அப்போதும் ஒரு கையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கக் கூடாது. மூட்டு பிசகிவிடும்.

கடித்தால் எல்லோருமே கையை வெடுக்கென்று பின்னால் இழுப்போம். அப்படி இழுத்தால்தான் சதை கிழியும். கை வாயில் மாட்டிக்கொண்டால் இழுக்காமல் அவன் பக்கமாகவே லேசாகக் கொடுங்கள். தாடை தளர்ந்து விட்டுவிடும். சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். வீட்டில் உங்கள் கணவரின் கையைப் பிடித்து ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அலறும் வாயில் தண்ணீர், சாக்லேட் எதையும் வைக்க வேண்டாம், புரையேறும். குப்புறப் படுக்க வைத்து மேலே அழுத்திப் பிடிப்பதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று நிறையத் தாய்மார்கள் கேட்பார்கள். சில பிள்ளைகளுக்கு இறுக்கமான அணைப்பு மருந்துபோல வேலை செய்யும். சிலருக்கு அந்த நேரத்தில் விரல் பட்டாலே நெருப்பு பட்டதுபோல இருக்கும். ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை அறிவியலாளருமான அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துவிட்டுத் தனக்கே ஓர் அழுத்தும் பெட்டியைச் செய்துகொண்டார். மனிதர்கள் அணைத்தால் அவருக்குத் தாங்காது. ஆனால் அழுத்தம் வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் எவ்வளவு அழுத்தம் என்பதை அவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் விஷயத்திலும் அந்தப் பிடி அவன் கையில் இருக்கட்டும். அமைதியாக இருக்கும் ஒரு நாளில் போர்வையால் சுற்றி லேசாக அழுத்திப் பாருங்கள். பிடித்திருந்தால் இன்னும் நெருங்கி வருவான், பிடிக்காவிட்டால் உதறிவிடுவான். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியில் இருக்கும்போது நீங்கள் கையை விரித்துக் காட்டுங்கள், அவனாக வந்தால் அணையுங்கள்.

இனி கூட்டம். நம் ஊரில் ஒரு பிள்ளை தரையில் புரண்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அவர்களில் பெரும்பாலானோர் உதவத்தான் வருகிறார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறக்கிறார்கள். அதனால் வேலை கொடுத்துவிடுங்கள். ‘அண்ணா, இவனுக்கு ஆட்டிசம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான். யாரும் கிட்ட வராம பாத்துக்கிறீங்களா?’, ‘அக்கா, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?’ என்று ஒருவரைக் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். பொதுவாகச் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். வேலை கிடைத்தவர் மற்றவர்களை விலக்க ஆரம்பித்துவிடுவார். இதை நான் எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேச வாய் வராத நேரத்துக்கு ஒரு சின்ன அட்டை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், விசிட்டிங் கார்டு அளவில். ‘என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. சத்தமும் கூட்டமும் தாங்காமல் இப்படி ஆகிவிட்டது. தள்ளி நின்று இடம் விடுங்கள், அதுவே பெரிய உதவி. படம் எடுக்க வேண்டாம்.’ இவ்வளவு போதும். அந்தப் பெரியம்மாவுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அந்த நிமிடத்தில் இல்லை. அட்டையை நீட்டிவிட்டு உங்கள் மகன் பக்கம் திரும்பிவிடுங்கள்.

வீடியோ எடுத்தவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தைத் தெளிவாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டத்தில் அது இல்லை. புதிய சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. யாரோ செல்போனைத் தூக்கினார் என்பதற்காகவே இந்தப் பிரிவு பாய்ந்துவிடாது, அவமானப்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் ‘படம் எடுக்காதீங்க’ என்று சொல்லும்போது குரல் நடுங்காது. மகனுக்கு யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இன்னும் வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வெளியே போகும்போது பர்ஸில் இருக்கட்டும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்தது தவறு. வலியும் பயமும் ஏற்கெனவே நிரம்பியிருந்த உடம்பில் இன்னொரு வலி சேர்ந்தது, அதனால்தான் இன்னும் மோசமானது. ஆனால் அன்று அவரும் வேறு விதத்தில் நிலைகுலைந்து போயிருக்கிறார். ‘அன்றிரவு சாப்பிடவில்லை, மகனின் காலடியில் உட்கார்ந்திருந்தார்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கூண்டில் நிறுத்துவதைவிட அவருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். அடுத்த முறை மகனைப் பார்ப்பது நீங்கள், கூட்டத்தைப் பார்ப்பது அவர். உங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி, ஆட்களை நோக்கி நின்றுகொள்ளட்டும். ‘நம்ம பிள்ளைதான், பயப்பட ஒண்ணுமில்ல, வழி விடுங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதுதான் பல அப்பாக்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. வேலை இருந்தால் கோபம் ஏறாது.

எல்லாம் அடங்கிய பிறகு அவன் துவண்டு கிடப்பான். தூங்கலாம். தண்ணீர், நிழல், பிடித்த போர்வை, அமைதி போதும். ‘ஏன்டா இப்படிப் பண்ணின’ என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். தண்டனையாக டிவியை நிறுத்துவதும் வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளையை யாரும் தண்டிப்பதில்லை. இதையும் அப்படியே பாருங்கள்.

இத்தனையும் குடம் வழிந்த பிறகு செய்வது. உண்மையான வேலை அதற்கு முன்னால்தான் இருக்கிறது. ‘வீடு’ என்று அவன் சொன்னானே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிகிறதா? தனக்கு என்ன வேண்டும் என்று வார்த்தையில் கேட்டிருக்கிறான். அந்த வார்த்தைக்கு மதிப்பு வர வேண்டும். கஷ்டமான நேரத்தில் பேச்சு வராமல் போகும் என்பதால், வெளியே போகும் வாசல் படம் போட்ட ஓர் அட்டையை அவன் இடுப்பில் மாட்டிவிடுங்கள். வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். அட்டையைக் கொடுத்தால் உடனே கதவைத் திறந்து மாடிக்கோ வாசலுக்கோ கூட்டிப் போய்விட வேண்டும். பத்து முறை கொடுத்தால் பத்து முறையும். ‘அழுதா வெளியே கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பழகிட மாட்டானா?’ என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. அழுத பிறகு மட்டுமே வெளியே போகிறோம் என்றால்தான் அழுகை வழியாகிவிடும். அழுவதற்கு முன்பே, அட்டையைக் கொடுத்தாலே போகலாம் என்றால் அழ வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இன்னொன்று, ‘ரெண்டு நிமிஷம்’. நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள். இரண்டு நிமிடம் இருபதாகும்போது, அம்மாவின் வார்த்தையை நம்ப முடியாது என்றாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் எண்ணிக்கை சொல்லுங்கள். ‘நமக்கு முன்னாடி நாலு பேர். நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, அப்புறம் வீடு.’ விரலை மடித்துக் காட்டுங்கள். சொன்னபடி நடக்காது என்று தெரிந்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்று மாதம் வெளியே போகாமல் இருந்துவிட்டு நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போனால் தாங்காது. இன்றைக்கே சின்னதாக ஆரம்பியுங்கள். வார நாளில் காலை, கூட்டமில்லாத நேரத்தில் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவிட்டுத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் போதும். நன்றாக இருக்கிறானே, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று தோன்றும். தோன்றும்போதே திரும்பிவிடுங்கள். நல்லபடியாக முடிந்த ஐந்து நிமிடம் அவன் நினைவில் தங்கும். பிறகு பத்து நிமிடம். ஞாயிறு தவிர்த்து ஒரு நாள் காலையில் முக்கொம்பு, அங்கே ஓட இடமும் தண்ணீரும் இருக்கிறது. என்.எஸ்.பி. ரோட்டுக்கு மறுபடி போக வேண்டும் என்றால் கடைகள் திறக்கும் நேரத்தில், எதுவும் வாங்காமல், சும்மா நடந்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் மூன்று படம் காட்டுங்கள்: பஸ், கடை, வீடு. கடைசிப் படம் எப்போதும் வீடாக இருக்கட்டும்.

காதுக்கு ஒரு மஃப் வாங்கிவிடுங்கள். ஃபேக்டரியில் போடுவார்களே, அதேதான். ஃபேக்டரிகள் சூழ்ந்த திருவெறும்பூரில் இருக்கும் உங்களுக்கு அதை விற்கும் பாதுகாப்புப் பொருள் கடை தேட வேண்டியிருக்காது. நல்ல மஃப் 20 முதல் 30 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும். குழந்தைகள் அளவிலும் கிடைக்கிறது. வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழக்குங்கள், புது இடத்தில் முதல் முறையாக மாட்டினால் பிடுங்கி எறிவான். நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டாம், சத்தமுள்ள இடத்தில் மட்டும்.

இப்போது கும்பகோணம். சொந்தக்காரர்களோடு ஒரே வேனில் போகாதீர்கள். செலவானாலும் தனி வண்டி. நினைத்த நிமிடத்தில் கிளம்ப முடிய வேண்டும், அதுதான் உங்கள் தைரியம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பை விட்டுவிடுங்கள். பேண்டு, வெடி, செண்டை மேளம், லைட் எல்லாம் சேர்ந்து வரும் நேரம் அது. மண்டபத்தில் ஒரு ரூம் உங்களுக்கென்று நாத்தனாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், மேடைக்கும் சமையல் கட்டுக்கும் தள்ளி. கல்யாணத்தன்று கூட்டம் சேர்வதற்கு முன் அதிகாலையிலேயே போய், காலியான மண்டபத்தை அவன் ஒரு சுற்று சுற்றி வரட்டும். அவன் ரூமில் அவன் போர்வையும் பொம்மையும் இருக்கட்டும்.

கல்யாணத்தில் ஒரு வசதி உண்டு. பெரிய சத்தம் எப்போது வரும் என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருப்பார்கள். முகூர்த்த நேரத்தில் விரலை ஆட்டி ‘கெட்டிமேளம்’ என்று குரல் கொடுத்ததும் தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும். அதற்குக் கால் மணி முன்பே உங்களில் ஒருவர் அவனை மஃப் மாட்டி வெளியே கூட்டிப் போய்விடுங்கள். தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டியது நாத்தனாரின் தம்பியா, நீங்களா என்று முன்பே பேசிவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவோடு இருக்கிறான் என்று அம்மாவும், அம்மாவோடு இருக்கிறான் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டு வேட்டியும் ஜரிகைச் சட்டையும் அவனுக்கு வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திச் சட்டையே போதும், லேபிளை வெட்டிவிட்டு. பந்தியில் இலையில் ஒன்றோடொன்று கலந்து ஓடினால் பல பிள்ளைகள் சாப்பிடாது. அவனுடைய தட்டும் வீட்டுத் தயிர்சாதமும் ரூமுக்கே போகட்டும். குரூப் போட்டோவுக்கு நிற்கச் சொல்வார்கள். நின்றால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாமியாரைப் பற்றிக் குறைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று நினைக்கிறேன். பேரனை நாலு பேர் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அவருக்கும் இருக்கும். ‘அத்தை, யாரும் இவன் கன்னத்தைக் கிள்ளாம, தூக்காம நீங்கதான் பாத்துக்கணும்’ என்று அவரிடமே ஒப்படையுங்கள். அந்த வேலையை அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாக யாராலும் செய்ய முடியாது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் உங்கள் கணவர் ஒரு வாரம் முன்பே நாலு வரி எழுதிவிடட்டும்: பையன் வருகிறான், சத்தம் அவனுக்குக் கஷ்டம், வணக்கம் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நடுவில் கிளம்பினால் தவறாக நினைக்க வேண்டாம். அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினாலும் கல்யாணத்துக்கு வந்ததாகத்தான் கணக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதுபோல நடப்பது சமீபத்தில் திடீரென்று அதிகமாகியிருந்தால், முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் சொத்தை, காது வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை எது இருந்தாலும் அவனுக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் வலிப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகம். சில நொடி வெறித்துப் பார்த்து உறைந்துபோகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்க் காட்டலாம். ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அடங்கிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடுமையான எரிச்சலும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் இருந்தால் சில பிள்ளைகளுக்கு மனநல மருத்துவர்கள் அதைக் கொடுப்பதுண்டு. உடல் எடை கூடுவது உட்படப் பக்கவிளைவுகள் இருப்பதால் கண்காணிப்பு வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீட்டைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கயிறு மணிக்கட்டில் உறுத்துகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த நேரத்தில் அது உங்கள் கை என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. பேசத் தெரிந்த, வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் சொல்வதும் இதுதான்: நடுவில் நடந்தது பாதி நினைவிருக்காது, ஆனால் முடிந்த பிறகு வரும் வெட்கமும் பயமும் நன்றாக நினைவிருக்கும். மறுநாள் காலையில் உங்கள் கையில் இருந்த பிளாஸ்திரியைத் தடவிவிட்டு, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டே விளம்பரப் பாட்டுப் பாடினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு உங்களுக்கும் இப்போது மனப்பாடமாகியிருக்கும். இன்றிரவு அவன் பாடும்போது நீங்களும் கூடப் பாடுங்கள், மெதுவான குரலில். கும்பகோணம் போய் வந்த பிறகு, எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.